தொழுவமும் வரவேற்பறையும்: கீழ்ஸ்தாயிப் பித்தளை வாத்தியங்களின் வரலாறு குறித்து

1860 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இரண்டு நாள் ஒரு பித்தளை வாத்தியப் போட்டி நடந்தது. நெசவாலைக்காரர்கள், சுரங்கத் தொழிலாளிகள், இரும்பு உருக்குபவர்கள் என்று பலரும் சலுகைக் கட்டண ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். போட்டியோடு சேர்த்து எல்லாக் குழுக்களையும் ஒன்றாக நிறுத்தி ஊதவும் வைத்தார்கள். ஏறத்தாழ 1,400 பேர். யார் கையில் என்ன வாத்தியம் இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதில் ஒரு வரி: ஒஃபிக்ளைட், 133.

ஒஃபிக்ளைட் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கேட்கும்படி ஆனது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். நாற்பதே வருஷத்தில் அந்த 133 வாத்தியங்களும் பரணுக்கும் பழைய பித்தளைக் கடைக்கும் போய்விட்டன. இசை வரலாற்று நூல்கள் இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் வைத்திருக்கின்றன: குறையுள்ள வாத்தியம், அதைவிட நல்லதாக டூபா வந்தது, இது போயிற்று. நல்லது கெட்டதை வெல்லும் என்கிற இந்த முன்னேற்றக் கதையாடலில் ஆட்கள் கிடையாது. யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள், யார் ஊதினார்கள் என்கிற கேள்விகள் கிடையாது. வாத்தியங்கள் தாமாகவே பிறந்து, தாமாகவே போட்டியிட்டு, தாமாகவே செத்துப்போகின்றன.

முதலில் 'கீழ்' என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். ஒலியில் மேல் கீழ் என்று எதுவும் இல்லை. நொடிக்கு 65 தடவை அதிர்கிற காற்று, 650 தடவை அதிர்கிற காற்றுக்கு அடியில் எங்கும் படுத்துக் கிடக்கவில்லை. மெதுவாக அதிர்கிறது, அவ்வளவுதான். மெதுவாக அதிரவேண்டும் என்றால் நீளமான காற்றுத்தம்பம் வேண்டும், நீளமான குழல் வேண்டும், அதை நிரப்ப நிறைய மூச்சு வேண்டும். பழைய கிரேக்கர்கள் தங்கள் லைர் வாத்தியத்தில், நாம் 'கீழ்' என்று சொல்கிற தந்திக்கு ஹுபாட்டே, அதாவது உச்சியில் இருப்பது என்று பெயர் வைத்திருந்தார்கள். நாம் 'மேல்' என்கிற தந்தி அவர்களுக்கு நேட்டே, அடியில் இருப்பது. வாத்தியத்தைக் கையில் பிடிக்கும்போது தந்தி கிடக்கிற இடத்தை வைத்துப் பிறந்த பெயர்கள். சிலப்பதிகாரத் தமிழில் மெலிவு, சமன், வலிவு. மேல் கீழ் இல்லை; ஆனால் அந்த இடத்தில் வேறொரு படிநிலை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக, ஒலியை அடுக்கிவைக்கும் ஏணி இயற்கை தந்ததல்ல. ஒவ்வொரு சமூகமும் தன் கைக்கு வந்த ஏணியைச் சாத்துகிறது.

ஐரோப்பா சாத்திய ஏணியின் அடிப்படியில் மனிதர்கள் நிற்கவில்லை, மிருகங்கள் நின்றன. 18ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் கண்டத்துத் தேவாலயங்களைச் சுற்றிவந்து, அங்கே ஊதப்பட்ட கீழ்ஸ்தாயி வாத்தியத்தைப் பசியால் கத்தும் கன்றுக்குட்டிக்கு ஒப்பிட்டார். 19ஆம் நூற்றாண்டில் பெர்லியோஸ், தனது வாத்தியச் சேர்க்கை குறித்த நூலில், ஒஃபிக்ளைடைத் தனியாக ஊதவிட்டால் தொழுவத்திலிருந்து தப்பிய காளை வரவேற்பறையில் துள்ளுவதுபோல் இருக்கும் என்று எழுதினார். பெர்னார்ட் ஷா அதை எருதாகவே ஆக்கினார். அவருடைய சிற்றப்பா ஒருவர் அதை ஊதியவர் என்பது உபரித் தகவல். கன்று, காளை, எருது. பெர்லியோஸின் உவமையைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். காளை பிரச்சினை அல்ல. அது வரவேற்பறைக்குள் வந்ததுதான் பிரச்சினை.

இந்தத் தொழுவத்தின் முதல் ஜீவன் மரத்தால் ஆனது. பிரெஞ்சில் ஸெர்ப்பான், ஆங்கிலத்தில் ஸெர்பென்ட். நம் வாய்க்குச் சர்ப்பம் என்றே சொல்லிவிடலாம், இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்த சொற்கள்தான். 1590 வாக்கில் ஒஸேர் நகரத்துப் பாதிரியார் எட்மே கியோம் இதைச் செய்தார் என்று ஒரு மரபு உண்டு. அதைப் பதிவுசெய்தவர் ஒன்றரை நூற்றாண்டு பிந்தியவர். வாதுமை மரத்தை இரண்டு பாதிகளாகக் குடைந்து, ஒட்டி, மேலே தோல் போர்த்திய எட்டடிக் குழல். மரமாக இருந்தாலும் ஊதும் முறையால் பித்தளைக் குடும்பம்: நாகஸ்வரம்போல் சீவாளி கிடையாது, கிண்ணம் போன்ற ஊதுவாயில் உதடுகளே அதிர்கின்றன. எட்டடி நீளத்துக்குக் கை எட்டாது என்பதால் குழலைப் பாம்பாக வளைத்து, மும்மூன்றாக ஆறு துளை போட்டார்கள். இங்கேதான் வேடிக்கை. அந்தத் துளைகள் ஒலியியல் கேட்ட இடத்தில் இல்லை, விரல் எட்டிய இடத்தில் இருக்கின்றன. அளவிலும் சிறியவை. ஒரு துளையைத் திறந்தால் இன்ன ஸ்வரம் வரும் என்கிற உத்தரவாதம் எதையும் சர்ப்பம் தருவதில்லை. ஒரே விரலமைப்பில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஒரு முழு ஸ்வரம் ஏறலாம், இறங்கலாம். ஊதுபவர் அந்த ஸ்வரத்தை முதலில் மனசில் கேட்டுக்கொண்டு, பிறகு உதட்டால் அதைப் பிடிக்கவேண்டும். தப்பிப்போனால் கன்றுக்குட்டிதான். நன்றாகப் பிடித்தால், மனிதக் குரலோடு கலந்து எது குரல் எது குழல் என்று பிரிக்கமுடியாத ஒரு மெத்தென்ற ஒலி. பிரெஞ்சுத் தேவாலயங்கள் இருநூறு வருஷம் இதை வைத்துக்கொண்டது இதற்காகத்தான்: வழிபாட்டில் பாடும் ஆண்குரல்களுக்கு அடியில் ஒரு தாங்கல்.

1789க்குப் பிறகு தேவாலயங்களின் சொத்து பறிமுதலானபோது, அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த சர்ப்பக்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். புரட்சியின் ராணுவ வாத்தியக் குழுக்கள் சர்ப்பத்தை எடுத்துக்கொண்டன. கடவுளுக்கு ஊதியதே குடியரசுக்கும் ஊதிற்று. ஆனால் மார்போடு அணைத்து உட்கார்ந்து ஊதவேண்டிய பாம்பைத் தூக்கிக்கொண்டு அணிநடை போடுவது லேசில்லை. மழையில் நனைந்தால் ஒட்டு விடும். நிமிர்ந்து நிற்கும் சர்ப்பங்கள் வந்தன. புரட்சியிலிருந்து தப்பி லண்டனுக்கு ஓடிய ஃப்ரிஷோ என்ற சர்ப்பக்காரர் அங்கே உலோகத்தில் பாஸ் ஹார்ன் என்று ஒன்றைச் செய்தார். இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களில் மட்டும் சர்ப்பம் இன்னும் கொஞ்சகாலம் தாங்கியது. பிறகு ஊர்க்காரர்களின் குழுவை மாடத்திலிருந்து இறக்கிவிட்டு ஒற்றை ஆளின் ஹார்மோனியமோ ஆர்கனோ ஏறிக்கொண்டது. தாமஸ் ஹார்டியின் 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' நாவல் (1872) இந்த வெளியேற்றத்தைப் பற்றியதுதான்.

இனி ஒஃபிக்ளைட். இதன் பிறப்பில் ஒரு ஆக்கிரமிப்பு ராணுவம் இருக்கிறது. 1810ல் டப்ளினில் ஜோசஃப் ஹாலிடே என்ற படைப்பிரிவு வாத்தியத் தலைவர், ராணுவக் கொம்புக்குத் துளையும் சாவியும் வைத்துக் காப்புரிமை வாங்கினார். வாட்டர்லூவுக்குப் பிறகு 1815ல் நேசநாட்டுப் படைகள் பாரிஸில் முகாமிட்டிருந்தபோது, ஜான் டிஸ்டின் என்ற பிரிட்டிஷ் படைவீரர் அதை ஊதக்கேட்ட ரஷ்ய கிராண்ட் ட்யூக் கான்ஸ்டன்டின், அதேபோல் ஒன்று செய்துகொடுக்கும்படி பாரிஸ் வாத்தியக் கைவினைஞர் ஒருவரிடம் கேட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கைவினைஞர் ஆஸ்தே, கடைப்பெயர் அலாரி. அவர் ஒரு கொம்போடு நிற்கவில்லை. அதே ஏற்பாட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி 1817ல் ஒரு குடும்பத்தையே செய்துவிட்டார். 1821ல் காப்புரிமை. கீழ்க்குரலுக்கு வைத்த பெயர் ஒஃபிக்ளைட்: கிரேக்கத்தில் ஒஃபிஸ் பாம்பு, க்ளெய்ஸ் சாவி. சாவி வைத்த சர்ப்பம்.

பார்ப்பதற்கு, நட்டு நிறுத்திய பெரிய பித்தளைக் குழல் ஒன்று அடியில் திரும்பி மேலேறி, நாகஸ்வரத்தில் அணசு என்போமே அதுபோல வாய் விரிந்து நிற்கும். ஒன்பது முதல் பதினொன்று சாவிகள். துளைகள் விரல் எட்டாத இடத்திலும் இருக்கலாம், கோப்பை அகலத்துக்கும் இருக்கலாம். சாவிதான் போய் மூடுகிறதே. வாயருகே இருக்கும் ஒரு துளை மட்டும் சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், மற்றவை மூடியிருக்கும். ஒரு சாவியை அழுத்தினால் அந்தத் துளை திறந்து காற்றுத்தம்பம் அங்கேயே முடிகிறது. அதாவது ஒவ்வொரு ஸ்வரமும் வேறு வேறு வாசல் வழியாக வெளியே வருகிறது. ஒரு ஸ்வரம் திறந்த தொண்டையில் வரும், பக்கத்து ஸ்வரம் மூக்கடைத்த மாதிரி வரும். இதைத்தான் 'குறை' என்றார்கள். இரண்டு கையின் விரல்களும் உதடும் மூச்சும் சேர்ந்து இந்த மேடுபள்ளத்தைச் சமன் செய்வதுதான் கலை. கைவந்தவர்களிடம் அது ஆண்குரலின் பேச்சுபோல் வளைந்து ஓடியது. டூபாவால் முடியாத வேகத்தில் ஓடியது. அடால்ஃப் சாக்ஸ் இந்த உடம்பில்தான் க்ளாரினெட்டின் ஊதுவாயைப் பொருத்திப் பார்த்திருக்கவேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். அவர் 1846ல் காப்புரிமை பெற்ற சாக்ஸஃபோனின் ஆரம்பகால பாஸ் வடிவம் அச்சாக ஒஃபிக்ளைடின் உருவத்தில்தான் இருந்தது. செத்த வாத்தியத்தின் உடம்பு வேறு குரலில் உலகம் பூராவும் ஊதிக்கொண்டிருக்கிறது.

பெரிய இசைமேதைகள் இதற்கு என்ன வேலை கொடுத்தார்கள்? பெர்லியோஸின் 'ஸிம்ஃபொனி ஃபான்டாஸ்டிக்' 1830ல் அரங்கேறியபோது, கடைசிப் பகுதியின் சூனியக்காரிகள் கூட்டத்தில் சாவுப்பாட்டைக் கேலியாக ஊதச் சர்ப்பமும் ஒஃபிக்ளைடும். மெண்டல்ஸனுடைய 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' முன்னிசையில் (1826) முதலில் ஆங்கில பாஸ் ஹார்ன், அச்சில் ஒஃபிக்ளைட். அங்கே கீழ்க்குரல் நிற்பது பாட்டம் என்ற பாத்திரத்தோடு, கழுதைத்தலை முளைத்த அந்த ஆளோடு. ஷேக்ஸ்பியரில் பாட்டம் யார்? நெசவாளி. கனவான்களின் கல்யாணத்தில் நாடகம் போட வந்த தறிக்காரன். பிறகு வாக்னரின் 'ஸீக்ஃப்ரீட்' (1876) நாடகத்தில் புதையலைக் காத்துப் படுத்திருக்கும் ட்ராகனுக்கு கான்ட்ராபாஸ் டூபா. வாத்தியம் மாறியது, வேலை மாறவில்லை: பேய், கழுதை, அரக்கன். மேல்ஸ்தாயி வயலினுக்குக் காதலும் ஆன்மாவும். இதை வெறும் ஒலியியல் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

டூபாவின் பிறப்புச் சான்றிதழில் தேதியே இருக்கிறது. 1835 செப்டம்பர் 12, பிரஷ்ய அரசின் காப்புரிமை. வாங்கியவர்கள் வில்ஹெல்ம் வீப்ரெஹ்ட் என்ற ராணுவ வாத்தியத் தலைவரும், மோரிட்ஸ் என்ற பெர்லின் வாத்தியக் கைவினைஞரும். இதற்கு அடிப்படையான வால்வு அதற்கு முன்பே வந்துவிட்டது. அதை 1818ல் பதிவுசெய்த இருவரில் ஷ்டோல்ட்ஸல் ஒரு பிரபுவின் சேவையிலிருந்த வாத்தியக்காரர். ப்ளூமெல் சைலீஷியச் சுரங்கம் ஒன்றின் வாத்தியக் குழுவில் ஊதியவர். வால்வு என்ன செய்கிறது? ஓட்டை போடுவதில்லை. அழுத்தினால் காற்றை ஒரு துண்டுக் குழல் வழியே சுற்றவிட்டு மொத்த நீளத்தைக் கூட்டுகிறது. எந்த ஸ்வரமானாலும் காற்று முழுக் குழலையும் கடந்து ஒரே அணசு வழியாகத்தான் வெளியேறும். ஒரே குரல், ஒரே நிறம், ஒரே கனம். சீருடை மாதிரி.

இந்த உவமை என் வசதிக்காகச் சொல்வதல்ல. பிரஷ்யக் காவல்படை வாத்தியக் குழுக்கள் முழுவதும் 1838ல் வீப்ரெஹ்ட்டின் கீழ் வந்தன. ஒவ்வொரு பிரிவும் ஒரே வரிசையில், ஒரே வாத்தியங்களோடு நிற்கவேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் திட்டம். பாரிஸில் 1845 ஏப்ரல் 22 அன்று ஷான் த மார்ஸ் திடலில் இரண்டு ராணுவ வாத்தியக் குழுக்களை மோதவிட்டார்கள்: பழைய ஏற்பாட்டுக்கு காராஃபாவின் குழு, புதிய வால்வு வாத்தியங்களுக்கு சாக்ஸின் குழு. கூட்டம் சாக்ஸுக்குக் கை தட்டியது. அந்த வருஷமே ராணுவ ஆணை வந்தது. கூடவே வழக்கும் வந்தது. மற்ற கைவினைஞர்கள் ஒன்றுசேர்ந்து, அவர் காப்புரிமைகள் செல்லாது என்று நீதிமன்றம் ஏறினார்கள். 1848 புரட்சி ராணுவ ஆணையைத் தூக்கிப்போட்டது. 1854ல் மூன்றாம் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு பாஸ் வாத்தியத்தின் 'ஒலித்தரம்' ஆட்சிக்கு ஆட்சி மாறுமா? சாக்ஸ் 1852, 1873, 1877 என்று மூன்று தடவை திவாலானார். (இதற்கிடையில் கோத்ரோ என்பவர் 1856ல் பித்தளைக் குழலுக்கு இரட்டைச் சீவாளி வைத்து, ஒரு பேண்ட்மாஸ்டரின் பெயரால் ஸாரூஸோஃபோன் என்று இறக்கினார். சாக்ஸ் அவர்மேலும் வழக்குப் போட்டுத் தோற்றார். கீழ்க்குரல் வகை அசல் நாட்டுப் படகு ஹாரன்போல் இருக்கும் என்றாலும் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.)

வால்வு குறையில்லாததும் அல்ல. இரண்டு மூன்று வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் கூடுகிற நீளம் போதாமல் சுருதி ஏறிவிடும். ஆழத்துக்குப் போகப்போக மோசமாகும். இங்கிலாந்தில் ப்ளெய்க்லி 1874ல் இதற்கு ஈடுகட்டும் குழல்களைக் கண்டுபிடிக்கும்வரை, உதட்டால் இழுத்துப் பிடித்துத்தான் சமாளித்தார்கள். சர்ப்பக்காரன் செய்த அதே வேலை. ஆனால் சர்ப்பத்தில் அது 'குறை', டூபாவில் அது 'நுணுக்கம்'.

இப்போது ஆலைக்கு வரலாம். தெற்கு வேல்ஸில் மெர்த்தர் டிட்வில். அங்கே கவார்த்வா இரும்பாலை, கிராஷே குடும்பத்துச் சொத்து. 1831ல் கூலிக் குறைப்பும் கடனும் சேர்ந்து எழுச்சி வெடித்தது. செங்கொடி தூக்கினார்கள், ஊரைச் சில நாள் கையில் வைத்திருந்தார்கள். படை சுட்டதில் இருபது பேரளவில் செத்தார்கள். டிக் பெண்டெரின் என்ற இளம் சுரங்கத் தொழிலாளியைத் தூக்கில் போட்டார்கள். ஏழு வருஷம் கழித்து, 1838ல், அதே குடும்பத்து இளைஞன் ராபர்ட் தாம்ஸன் கிராஷே ஒரு பித்தளை வாத்தியக் குழுவைத் தொடங்கினார். நல்ல வாத்தியங்கள் வாங்கினார். வெளியூர் வாத்தியக்காரர்களை ஆலையில் வேலை கொடுத்து வரவழைத்தார். யார்க்‌ஷயரில் ப்ளாக் டைக் கம்பளி ஆலை முதலாளி ஜான் ஃபாஸ்டரும் 1855ல் இதையே செய்தார்: வாத்தியம், சீருடை, பயிற்சிக்கு இடம். குடிக்கும் கூட்டத்துக்கும் போகாமல் தொழிலாளி மாலையில் கார்னெட் ஊதிக்கொண்டிருப்பது முதலாளிக்கு எவ்வளவு நிம்மதி! ஃபூக்கோ படித்தவர்கள் இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம். பணிவான உடல், ஒழுங்குபடுத்தப்பட்ட மூச்சு. முடிந்தது.

முடியவில்லை. கவார்த்வாக் குழுவின் கையெழுத்து இசைப்பிரதிகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ட்ரெவர் ஹெர்பர்ட் என்ற ஆய்வாளர் அவற்றைத் துருவிப் பார்த்திருக்கிறார். மொசார்ட், பேட்டோவன், வெர்டி. ஆர்கெஸ்ட்ராவே பார்த்திராத அந்த ஊரில், ஆர்கெஸ்ட்ராவின் வேலை முழுவதையும் இருபது சொச்சம் பித்தளைகள் எடுத்துச் செய்திருக்கின்றன. அதில் ஒஃபிக்ளைடுக்கு எழுதியிருப்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கழுதை வேஷம் அல்ல, அரக்கன் வேஷம் அல்ல. வயலினுக்கோ பாடகனுக்கோ எழுதுகிற ஓட்டங்கள். காரணம், ஊத ஒரு ஆள் இருந்தான்: சாம் ஹியூஸ். கிரிஸ்டல் பேலஸில் முதல் நாள் ப்ளாக் டைக்கும் இரண்டாம் நாள் கவார்த்வாவும் வென்றன. ஹியூஸின் தனி வாசிப்புக்கும் பரிசு கிடைத்தது. பிறகு லண்டன் ஓபராவிலும் ஊதினார், ராணுவ இசைப்பள்ளியில் கற்பித்தார். தொழுவத்துக் காளை வரவேற்பறையில் எல்லார் முன்பும் பாடியே காட்டிவிட்டது. பெர்லியோஸ் கேட்டது சரியான ஆளையல்ல என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

அப்படியானால் ஏன் செத்தது? என் பதில் இது. வால்வு வாத்தியங்களில் உச்சியிலிருக்கும் கார்னெட் தொடங்கி அடியிலிருக்கும் பெரிய பாஸ் வரை ஒரே மூன்று வால்வு, ஒரே விரலமைப்பு. பிரிட்டிஷ் பித்தளைக் குழுக்கள் இன்னொன்றும் செய்தன: பாஸ் ட்ராம்போன் நீங்கலாக எல்லா வாத்தியத்துக்கும் ஒரே மேல்ஸ்தாயிக் குறிமுறையில் எழுதினார்கள். விளைவு என்ன? ஒருவன் சீக்கில் விழுந்தாலோ வேறு ஆலைக்குப் போனாலோ, பக்கத்து நாற்காலிக்காரனை அங்கே நகர்த்தி உட்காரவைத்துவிடலாம். அவன் புதிதாக எதையும் படிக்கவேண்டாம். உதடு பழகினால் போதும். ஒஃபிக்ளைடில் இது நடக்காது. பதினொரு சாவி, தனி விரலமைப்பு, வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும் சமாளிப்பு. அந்த அறிவு ஆளின் கையில் இருக்கிறது. ஆள் போனால் கூடவே போய்விடும். தறியில், உலையில், பட்டறையில் என்ன நடந்ததோ அதுதான் இங்கும் நடந்தது. கைவினைஞனின் தனி அறிவு, மாற்றி வைக்கக்கூடிய உதிரிபாகமாகிற செயல். யூஃபோனியம் ஒஃபிக்ளைடை வென்றது ஒலியால் மட்டுமல்ல, ஒஃபிக்ளைட்காரன் இல்லாமலே குழுவை நடத்தமுடியும் என்பதால்.

இதைச் சொல்லிவிட்டு நானே என்னை மறுக்கவேண்டியிருக்கிறது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு எது வேண்டும்? பதினொரு சாவியை வசப்படுத்த வருஷங்களா, மூன்று வால்வில் ஒரு குளிர்காலத்துக்குள் அண்டை வீட்டுக்காரனோடு சேர்ந்து ஊதுவதா? ஒரே குறிமுறை என்பதால் அண்ணன் தம்பிக்கும், கார்னெட்காரன் பாஸ்காரனுக்கும் சொல்லிக்கொடுக்க முடிந்தது. முதலாளிக்கு உதிரிபாகம் என்றால் தொழிலாளிக்கு அது பொதுச்சொத்து. ஆயிரக்கணக்கான குழுக்கள் முளைத்தது இதனால்தான், அவற்றில் நிறைய தொழிலாளிகளே சந்தா போட்டு நடத்தியவை. இழப்பையும் கைப்பற்றலையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கமுடியவில்லை. அறுபதுகளில் ஹியூஸைக் கேட்டுக் கை தட்டியவர்களேதான் அடுத்த தலைமுறையில் யூஃபோனியத்தைக் கையில் எடுத்தார்கள். 1898ல் ஹியூஸ் இறந்தபோது அந்த வாத்தியத்துக்கு அநேகமாக வாரிசு இல்லை. கிராஷேயைப் பொறுத்தவரை, 1870களில் சங்கத்தோடு சமரசம் செய்ய மறுத்து ஆலையையே மூடினார். கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு வரிதான் அவர் கல்லறையில் இருக்கிறது.

கடந்த ஐம்பது வருஷத்தில் இரண்டு வாத்தியங்களும் திரும்பி வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் க்ரிஸ்டஃபர் மங்க் சர்ப்பங்களைச் செய்து, 1976ல் மூன்று பேர் சேர்ந்து சர்ப்பம் ஊதும் குழுவும் தொடங்கினார். மிஷெல் கொடார் அதை ஜாஸுக்குக் கொண்டுபோனார். பெர்லியோஸைப் பழைய வாத்தியங்களில் ஊதும்போது, டூபாவின் கொழுத்த ஒலிக்குப் பதிலாக நரநரவென்று ஒரு பல் தெரிகிறது. கவார்த்வாவின் பிரதிகளும் 1990களில் பழைய வாத்தியங்களிலேயே பதிவாயின. கேட்கச் சந்தோஷம். ஆனால் மீட்கப்பட்டது வாத்தியம் மட்டும்தான். உலையும் சந்தாவும் சலுகை ரயிலும் இல்லாத ஒரு சுத்தமான அறையில் அது ஒலிக்கிறது.

கீழ்க்குரல் தெருவிலேயே தங்கிப்போன இடம் வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) தோளுக்கு மேல் போட்டு ஊதும் வாத்தியங்கள் இருந்தன. அணசு பின்பக்கம் பார்க்கும். பின்னால் நடந்துவரும் படைக்குக் கேட்கவேண்டும், அதற்குத்தான் சத்தம். போர் முடிந்தபின் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்கள் பித்தளைக் குழுக்கள் அமைத்தார்கள்; எக்ஸெல்ஸியர் குழு 1879ல். அவர்களை அமர்த்தியவை பரஸ்பர உதவிச் சங்கங்கள். வெள்ளைக் காப்பீடு சேர்த்துக்கொள்ளாத மக்கள் மாதச் சந்தா கட்டி, சீக்குக்கு மருந்தும் சாவுக்கு வாத்தியமும் உறுதிசெய்துகொண்ட ஏற்பாடு. பின்னால் வருவது படையல்ல, ஊர். போகும்போது துக்கம், புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம்.

1890களில் ராணுவ பேண்ட்மாஸ்டர் சூசாவுக்காகச் செய்யப்பட்ட சூசாஃபோன், அணசு வானத்தைப் பார்க்க, ஒலி மழைபோல் எல்லார் தலையிலும் சமமாக இறங்கவேண்டும் என்ற யோசனையில் பிறந்தது. 1908 வாக்கில் அணசை முன்னால் திருப்பினார்கள். உடம்பைச் சுற்றி மலைப்பாம்பாக வளைந்து இடது தோளில் உட்காரும் பதினெட்டடிக் குழல். நியூ ஆர்லியன்ஸ் தெருவில் அது தாங்கல் கொடுக்கும் வாத்தியமாக நின்றுவிடவில்லை. பெரிய ட்ரம்மோடு சேர்ந்து நடையைத் தீர்மானிப்பது அதுதான். அது திரும்பினால் ஊர்வலம் திரும்பும். 1977க்குப் பிறகு டர்ட்டி டஸன் குழுவில் கர்க் ஜோஸஃப் அதில் ஓடவிட்ட வரிகள் ஹியூஸுக்குப் புரிந்திருக்கும்.

2005 புயலுக்குப் பிறகு அந்த நகரத்தில் ஊர்வல அனுமதிக் கட்டணத்தை ஏற்றினார்கள். சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2007 செப்டம்பரில் நியூ பர்த் குழுவின் டூபாக்காரர் கெர்வின் ஜேம்ஸ் இறந்தார். அடக்கத்துக்கு முந்திய நாட்களில் மாலைதோறும் தெருவில் கூடி ஊதுவது அங்கே வழக்கம். அக்டோபர் 1 அன்று ட்ரெமே பகுதியில் அப்படி ஊதிக்கொண்டிருந்தபோது வண்டி வண்டியாகப் போலீஸ் வந்தது. அனுமதியில்லாத ஊர்வலம், அமைதிக்குப் பங்கம். இரண்டு வாத்தியக்காரர்களைக் கைதுசெய்தார்கள். அந்தத் தெருவில் நூறு வருஷமாக யாரும் சாவுக்கு ஊத அனுமதி கேட்டதில்லை. புயலுக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் வீடு வாங்கிக் குடியேறியவர்கள் சத்தம் பொறுக்காமல் புகார் செய்தார்கள் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள்.

மறுநாள் மாலை அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு அதே தெருவில் மறுபடி ஊதினார்கள். முந்திய நாளைவிடக் கூட்டம். இறந்தவரின் அண்ணன் ஃபிலிப் ஃப்ரேஸியர் ரீபர்த் குழுவின் ஆள், அவரும் டூபாதான்.